பெஞ்சாதி இருக்கிறாள், புருஷனைக் காணோம்

பட்டியலில் என் புருஷன் இல்லை. அவருடைய மனைவி இருந்தாள்.

சங்கரன்கோவிலில் எங்கள் தெருமுனைச் சாவடிச் சுவரில் வாக்காளர் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். சுதந்திரம் வந்த பிறகு நடக்கப்போகிற முதல் பொதுத்தேர்தலுக்கான பட்டியல். வயது வந்தவர்கள் எல்லோருக்கும் ஓட்டு உண்டு, பொம்பளைகளுக்கும் உண்டு என்று தமுக்கு அடித்துச் சொன்னார்கள். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஆண்கள் கூடி நின்று வெற்றிலை மெல்லுகிற அந்தச் சாவடிக்குள் நுழைந்து, சுவரில் விரலை வைத்து வரிவரியாகப் படித்தேன். வாசுதேவநல்லூரில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் நான். அந்தப் படிப்பு அதுவரைக்கும் கொழும்புக்குக் கடிதம் எழுதத்தான் உதவியிருந்தது.

எங்கள் வீட்டு எண்ணுக்கு நேரே இரண்டு வரிகள் இருந்தன. என் புருஷன் பேரைப் போட்டு, பக்கத்தில் 'தாயார்' என்று ஒன்று. அது என் மாமியார். அதே பேரைப் போட்டு 'மனைவி' என்று இன்னொன்று. அது நான். அந்தப் பேருக்கு உரிய மனுஷன் மட்டும் எங்கேயும் இல்லை. மேலும் கீழும் தேடினேன். அடுத்த தெருவிலும் தேடினேன். இல்லை.

"என்னத்தம்மா தேடுத?" என்று கேட்டார் அங்கே நின்ற ஒரு பெரியவர்.

"அண்ணாச்சி, பெஞ்சாதி இருக்கா, புருசனைக் காணோம். இது என்ன கூத்து?" என்றேன்.

அவர் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. சிரிக்கிற விஷயமா அது?

என் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு புடவைக்கடையில் வேலை பார்த்தார். எங்கள் தெருவில் அப்படி நாலைந்து வீடுகள். ஆம்பிளைகள் கொழும்பில் கடையில் நிற்பார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை, கோமதி அம்மன் தவக்கோலத்தில் நிற்கிற ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊருக்கு வருவார்கள். தனுஷ்கோடியில் கப்பல் இறங்கி, ரயில் மாறி மாறி, தலையில் டிரங்குப் பெட்டியோடு ஸ்டேஷனிலிருந்து நடந்து வருவார்கள். தபசுக் காட்சி முடிந்து பத்துப் பதினைந்து நாளில் திரும்பிப் போய்விடுவார்கள். மிச்ச நாளெல்லாம் நாங்கள் இங்கே, அவர்கள் அங்கே. எங்களைத் தெருவில் 'கொழும்பு வீட்டுக்காரிகள்' என்று சொல்வார்கள், ஏதோ நாங்களும் கப்பல் ஏறிப் போய்விட்டு வந்த மாதிரி.

ஆனால் அந்தச் சமயத்தில் கொழும்பிலும் நிலைமை சரியில்லை. இலங்கைக்கும் சுதந்திரம் வந்துவிட்டது. வந்ததும் முதல் வேலையாக, யார் அந்த நாட்டு ஆள், யார் இல்லை என்று பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் ஆட்களுக்கு அங்கே ஓட்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார்: 'இங்கே நம்மவர்களைக் கள்ளத்தோணி என்று முகத்துக்கு நேரே சொல்லுகிறார்கள். பன்னிரண்டு வயதில் வந்தவன் நான். இந்த ஊரில் என் பேர் இல்லை என்றார்கள். சரி, போகட்டும். நம் ஊரிலாவது என் பேர் இருக்கிறதா என்று போய்ப் பார்த்து எழுது.'

அவ்வளவுதான் அவர் என்னிடம் கேட்டது. சேலை வேண்டுமா, பிள்ளைக்குக் கவுன் வேண்டுமா என்று கேட்கிற மனுஷன், தனக்கென்று ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. அதனால்தான் நான் சாவடிக்குப் போனேன். 'உங்கள் பேர் இங்கேயும் இல்லை' என்று எப்படி எழுதுவேன்? ஒரு மனுஷன் இரண்டு ஊரில் வாழ்ந்துவிட்டு ஒரு ஊரிலும் இல்லை என்றால் அவன் வேறு எங்கேதான் இருக்கிறான்?

வீட்டுக்கு வந்து மாமியாரைப் பிடித்தேன். "அத்தை, கணக்கெடுக்க வந்தவருகிட்ட என்ன சொன்னிய?"

கணக்கெடுக்க ஆள் வந்த அன்றைக்கு நான் ஊரில் இல்லை. வாசுதேவநல்லூரில் எங்கள் அப்பா வீட்டில் நடவுக்கு ஆள் போதவில்லை என்று போயிருந்தேன்.

"என்ன சொன்னேன், உள்ளதைத்தான் சொன்னேன்," என்றார் அத்தை. "வீட்டுல ஆம்பிள யாருன்னு கேட்டாரு. எம்மவன் கொழும்புல இருக்கான்னேன். அப்பம் இங்கன இல்லையான்னு கேட்டாரு. இல்லைன்னு என் வாயால எப்படிட்டி சொல்லுவேன், கடல் தாண்டி இருக்கற புள்ளைய? 'வருவான்'னேன். அவரு என்னமோ எழுதிக்கிட்டாரு."

"எம் பேரைக் கேட்டாரா?"

"கேட்டாரு. ஆம்பிள இல்லாத வீட்டுல வயசுப் பொம்பள பேரை எவனோ ஒருத்தன் தாள்ல எழுதிட்டுப் போறதா? எம்மவன் பேரைச் சொல்லி, அவன் பெஞ்சாதின்னு போடும்யான்னேன். எம் பேருக்கும் அப்படித்தான், அவன் ஆத்தான்னு போடச் சொன்னேன். அதுதானேட்டி நமக்கு மதிப்பு?"

எனக்கு அது அப்போது தப்பாகத் தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அத்தைக்கு நான் 'ஏட்டி'. தெருவுக்குக் கொழும்பு வீட்டுக்காரி. மகள் பிறந்த பிறகு அவளுடைய அம்மா. என் பேரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டே வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. நான் இருக்கிறேன் அல்லவா, மனைவி என்று போட்டால் என்ன, வேறு எப்படிப் போட்டால் என்ன? அவர் பேரைச் சேர்ப்பதுதான் எனக்குக் குறி.

தாலுகா ஆபீஸுக்கு நான் எத்தனை தடவை நடந்தேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. முதல் தடவை போனபோது குமாஸ்தா சாப்பிடப் போயிருந்தார். அடுத்த தடவை ஜமாபந்தி என்றார்கள். அதற்கடுத்த தடவை குமாஸ்தா இருந்தார், மனுபாரம் இல்லை. மனுபாரம் வந்தபோது, "இதுல மனுதாரரே கையெழுத்துப் போடணும்மா. கூட்டிட்டு வா," என்றார்.

"கொழும்புல இருக்கவுகளை எப்படிய்யா கூட்டிட்டு வாறது? இடுப்புலயா தூக்கிட்டு வாறது?"

"அப்போ தபால்ல அனுப்பி வாங்கு."

அதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம் அல்லவா? சொல்ல மாட்டார்கள். ஒரு கேள்விக்கு ஒரு பதில்தான். அடுத்த பதிலுக்கு அடுத்த நாள் நடக்க வேண்டும். வெயிலில் பிள்ளை துவண்டு போவாள். திரும்பி வருகிற வழியில் கோமதி அம்மன் சன்னதித் தெருவில் நின்று, 'ஆத்தா, உனக்கு ஊசி முனையில நின்னு தவம் பண்ணத் தெரியுமே, இந்தக் குமாஸ்தா முன்னால நிக்கத் தெரியுமா' என்று சண்டை போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

நான் மட்டும் அலைவானேன் என்று, தெருவில் மற்றக் கொழும்பு வீட்டுக்காரிகளையும் சேர்த்தேன். அவர்கள் ஆம்பிளைகளும் பட்டியலில் இல்லை. எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னபோது, "எதுக்குட்டி நமக்கு? ஓட்டுப் போட்டா அரிசியா தரப்போறான்?" என்றார். 'அங்கே இல்லைன்னு ஆக்கிட்டாங்க, இங்கேயும் இல்லைன்னு ஆனா அவுக யாருக்கா?' என்று கேட்டேன். அக்காவுக்கு அது உறைத்தது. தன் புருஷனுக்கு என்னை விட்டே கடிதம் எழுதச் சொன்னார். பதில் வந்தது. 'என் பேரை எங்கேயும் எழுதாதே. இந்திய ஆபீஸில் பேர் இருக்கிறது என்று இங்கே தெரிந்தால் உடனே கப்பல் ஏற்றிவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டு இரு' என்று எழுதியிருந்தார். நான் வாசித்துக் காட்டினேன். அக்கா எழுந்து போய் அரிசி புடைக்க ஆரம்பித்துவிட்டார்.

கோடிவீட்டுப் பெண் என்னோடு வந்தாள். கல்யாணமாகி ஒரே ஆடி கண்டவள். அவளைக் குமாஸ்தா முன்னால் நிறுத்தி, "சொல்லு, உன் வீட்டுக்காரர் பேரைச் சொல்லு," என்றேன். நாணிக்கொண்டு நின்றாளே தவிர வாயைத் திறக்கவில்லை. புருஷன் பேரைப் பெஞ்சாதி சொல்லக் கூடாது, சொன்னால் அவன் ஆயுசு குறையும். அதுவும் புருஷன் கடல் தாண்டி இருக்கும்போது யார் துணிவாள்?

"ஏம்மா, பேரு இல்லாம எதை எழுத?" என்றார் குமாஸ்தா.

"நம்ம கோவில்ல இருக்காகள்லா, அவுக பேரு," என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"நம்ம கோவில்ல மூணு சாமி இருக்கு. எந்தச் சாமி?"

"இந்தப் பக்கம் உள்ளவுக."

"எந்தப் பக்கம்? நீ நிக்கிற பக்கமா, நான் இருக்கிற பக்கமா?"

ஆபீஸே சிரித்தது. குமாஸ்தா தமக்குத் தோன்றிய சாமி பேரை எழுதிக்கொண்டார். அது தப்பான சாமி. மனு கொழும்பு வரைக்கும் போய், 'இது என் பேர் இல்லை' என்று திரும்பி வந்தது. அதற்குள் கெடு முடிந்துவிட்டது. அந்தப் பெண்ணைத் திட்டுவதா, குமாஸ்தாவைத் திட்டுவதா என்று தெரியாமல் அன்றைக்கு என் மகளைத் திட்டினேன்.

ஆக மிஞ்சியது என் மனு ஒன்றுதான். அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார். வீட்டு வரி ரசீதும் அவர் பேரில் இருந்தது. விசாரணைக்கு என்று ஒரு நாள் குறித்தார்கள். பெரிய கூடம். நடுவில் மேஜைக்குப் பின்னால் அதிகாரி. இந்தப் பக்கம் குமாஸ்தா. சுவரோரமாக வேறு வேறு ஜோலிக்கு வந்த ஆம்பிளைகள் கூட்டமாக நின்றார்கள். பொம்பளை நான் ஒருத்திதான்.

"யாருக்காக வந்திருக்கே?" என்று கேட்டார் அதிகாரி.

"எங்க வீட்டுக்காரவுகளுக்கு."

"பேரு?"

"மனுவுல இருக்குங்கய்யா."

"மனுவில இருக்கிறது எனக்குத் தெரியும். நீ அவர் சார்பா வந்திருக்கே. வாயால சொல்லணும். பேரு?"

நான் குமாஸ்தாவைப் பார்த்தேன். அவர் கோப்பைப் பார்த்தார். சுவரோரத்தில் யாரோ, "சாமி பேரு ஏதும் சொல்லப் போகுது," என்றான். சிரிப்பு எழுந்தது. அதிகாரி பேனாவை மூடினார். "பேர் சொல்லலைன்னா தள்ளுபடின்னு எழுத வேண்டியதுதான்," என்றார்.

தள்ளுபடி. அங்கே அவரைத் தள்ளினார்கள். இங்கேயும் தள்ளப் போகிறார்கள், அதுவும் என் வாய் திறக்காததால். எனக்கு வந்த ஆத்திரத்தில், யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை, அந்தப் பேரை ஒரு கூப்பாடாகவே சொல்லிவிட்டேன். அப்பா பேரோடு சேர்த்து, தெருப் பேரோடு சேர்த்து, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி. சுவரோரத்தில் ஒருத்தனும் சிரிக்கவில்லை.

அந்தப் பேரை இங்கே எழுதப் போவதில்லை. ஆயுளில் ஒரு தடவை சொன்னது போதும்.

அதிகாரி கேட்டார்: "அவர் இருக்கிறது கொழும்பில. வழக்கமா இங்கே குடியிருக்கணும்னு சட்டம் சொல்லுது. அவர் இங்கே குடியிருக்காருன்னு எப்படிச் சொல்லுதே?"

வாய் திறந்தது திறந்தாயிற்று, இனி என்ன? "அய்யா, அவுகளுக்கு அங்க வீடு கெடையாது. கடை அடைச்ச பொறவு துணிக்கட்டைத் தள்ளி வெச்சிட்டு அந்தப் பலகையிலதான் படுக்காக. விடியறதுக்கு முன்னால எந்திரிச்சுப் பலகையத் தொடச்சுடணும், முதலாளி வருவாரு. அதுக்குப் பேரா குடியிருப்பு? அவுக வீடு இது. தாயி இங்கன இருக்கா. பெஞ்சாதி இங்கன இருக்கேன். புள்ள இங்கன இருக்கு. வரி இங்கன கெட்டுதோம். அவுக அங்க பொழைக்கப் போயிருக்காக, குடியிருக்கப் போகலை."

அதிகாரி கொஞ்ச நேரம் வரி ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குமாஸ்தாவிடம், "தற்காலிகமா வெளியே போயிருக்காருன்னு எழுதிச் சேர்த்துடும்," என்றார். அவ்வளவுதான். நான் ஒரு வருஷமாக நடந்த நடை, ஒரு வார்த்தையில் முடிந்தது. குமாஸ்தா எழுதினார். என்னை ஒரு கைநாட்டு வைக்கச் சொன்னார். எனக்கு எழுதத் தெரியும் என்றேன். "பரவாயில்ல, கைநாட்டே போதும், நேரமாகுது," என்று மைப்பெட்டியைத் தள்ளினார். என் பேர் என்ன என்று அந்தக் கூடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

நான் வீடு வந்து சேருவதற்கு முன்னாலேயே சேதி வந்துவிட்டது. அத்தை நடையில் தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தார். "எம்மவன் பேரை ஆபீஸ்ல வெச்சு ஏலம் போட்டாளாமே! நல்லா இருப்பியா? கடலு நடுவுல கிடக்கற புள்ளைக்கு ஒண்ணுன்னா எவட்டி பொறுப்பு?" என்று அழுதார். பதில் பேசினால் பெரிதாகும் என்று நின்றேன். அத்தை எழுந்து கோவிலுக்குப் போனார். திரும்பி வந்து, "நாக்கை நீட்டு," என்றார். நீட்டினேன். முந்தியில் முடிந்து வந்த புற்றுமண்ணில் ஒரு கிள்ளு எடுத்து என் நாக்கில் வைத்தார். தேமலுக்கும் தேள்கடிக்கும் எங்கள் ஊரில் அதுதான் மருந்து. புருஷன் பேர் சொன்ன நாக்குக்கும் அதுதான் போலிருக்கிறது. அதன் பிறகு ரொம்ப நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆனாலும் நான் கொழும்புக்கு எழுதினேன்: 'தங்கள் பேர் சேர்ந்துவிட்டது. தாங்கள் இந்த ஊர் ஆள்தான். ஓட்டுக்குக் கட்டாயம் வர வேண்டும்.' வழக்கம்போலக் கீழே, 'இப்படிக்கு, தங்கள் அன்புள்ள மனைவி' என்று முடித்தேன். வருவேன் என்று பதில் எழுதினார். கடைசியாகச் சாவடியில் பட்டியலை ஒட்டியபோது போய்ப் பார்த்தேன். அவர் பேர் இருந்தது. முழுப் பேர், அப்பா பேரோடு. அங்கேயே நின்று விரலால் தடவிப் பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தில் அதற்குக் கீழே என்ன இருக்கிறது, மேலே என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவே இல்லை.

தேர்தல் பொங்கலை ஒட்டி வந்தது. அதற்குப் பத்து நாளைக்கு முன்னால் அவரிடமிருந்து கடிதம். 'வர முடியாது போல இருக்கிறது. இந்த நாட்டிலேயே இருக்க அனுமதி கேட்டு மனுப் போட்டிருக்கிறேன். நிரந்தரமாக இங்கேதான் குடியிருக்கிறேன் என்று காட்ட வேண்டும். இப்போது ஊருக்குப் போனால் மனு கெட்டுவிடும் என்று முதலாளி சொல்லுகிறார். கடையும் போனால் நாம் என்ன செய்வது? நீ கோபித்துக்கொள்ளாதே.'

கோபிக்காமல் என்ன செய்வேன்? நான் இங்கே தற்காலிகம் என்று வாதாடி எழுத வைத்தேன். அவர் அங்கே நிரந்தரம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டு சர்க்காரிடமும் இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. துணிப்பலகையில் படுக்கிறவனுக்கு எது நிரந்தரம், எது தற்காலிகம்? நாலு நாள் அடுப்பில் சட்டி பானைதான் என்னிடம் அடிபட்டது.

ஓட்டு அன்றைக்கு, சரி, அவர் வராவிட்டால் என்ன, எனக்கு ஒரு ஓட்டு இருக்கிறதே என்று கிளம்பினேன். அத்தையும் கொடியில் கிடந்த நல்ல சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டார். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் ஓட்டை விடுவாரா? எதிர்வீட்டு அக்காவும் கோடிவீட்டுப் பெண்ணும் சேர்ந்துகொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் பொம்பளைகளுக்குத் தனி வரிசை. உள்ளே ஒவ்வொரு சின்னத்துக்கும் ஒரு பெட்டி வைத்திருக்கிறது, பிடித்த பெட்டியில் சீட்டைப் போட வேண்டும் என்று முன்னால் நின்றவள் சொன்னாள். எந்தப் பெட்டி என்று நான் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தேன்.

மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். "பேரு?" என்றார் அங்கே இருந்தவர்.

"இன்னாரு பெஞ்சாதின்னு போட்டிருக்கும், பாருங்க," என்று தெருவையும் வீட்டு எண்ணையும் சொன்னேன்.

"அப்படியெல்லாம் போடக்கூடாதும்மா. சொந்தப் பேரைச் சொல்லு."

சொன்னேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு என் வாயால் என் பேர். யாரோ ஒருத்தியின் பேர் மாதிரி இருந்தது. அவர் தாளில் விரலை ஓட்டினார். திருப்பினார். மறுபடி ஓட்டினார். "இல்லையே," என்றார்.

"நல்லாப் பாருங்கய்யா. மொதல்ல ஒட்டினப்ப இருந்துச்சு. நானே பாத்தேன்."

"பெஞ்சாதி, தாயார்னு சொந்தப் பேரு சொல்லாம இருந்த பொம்பளைங்களை எல்லாம் கடைசிப் பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்கம்மா. மேலிடத்து உத்தரவு. பேர் கொடுக்கச் சொல்லி அப்பவே தமுக்கு அடிச்சாங்களே?" என்றவர், அதே இடத்தில் விரலை வைத்து, "உங்க வீட்டு நம்பருக்கு ஒரே ஒரு பேர்தான் இருக்கு. ஆம்பிளை பேரு," என்று வாசித்தார். என் புருஷன் பேர். முழுப் பேர், அப்பா பேரோடு. "அவர் எங்கே? வந்திருக்காரா?"

"கொழும்புல இருக்காக," என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஓட்டு உள்ளவர் ஊரில் இல்லை. ஊரில் உள்ளவளுக்கு ஓட்டு இல்லை.

"அவுகளுக்குப் பதிலா நான் போட்டுக்கிடட்டுமா?" என்று கேட்டேன்.

"அது முடியாதும்மா. தள்ளி நில்லு, பின்னால ஆளு நிக்கி."

நான் நகரவில்லை. "நாந்தான்யா அந்தப் பேரைச் சேத்தேன்! நடையா நடந்து சேத்தேன்! அந்த ஆபீஸ்ல எத்தனை தடவை வந்து நின்னேன், ஒருத்தராச்சும் உம் பேரு என்னன்னு கேட்டியளா?" என்று கத்தினேன். போலீஸ்காரர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. அழக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். கேட்கவில்லை, வந்துவிட்டது.

அப்போது எனக்குப் பின்னால் நின்ற அத்தை முன்னால் வந்தார். மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார்.

"அய்யா, அவ பேரு இதுதான்யா," என்று என் பேரைச் சொன்னார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை சொன்னார். "கணக்கெடுக்க வந்தவருகிட்ட நாந்தான்யா சொல்லாம விட்டேன். அவ மேல தப்பில்ல. எழுதிக்கிடுங்க. எனக்கு வேண்டாம், நான் கெழவி. அவ பேரை மட்டும் எழுதிக்கிடுங்க."

"இனிமே முடியாதும்மா," என்றார் அவர். பாவம், அவர் என்ன செய்வார்? அவருடைய குரலும் இறங்கிவிட்டது. "அடுத்த தடவை ஆளு வாறப்ப சொல்லுங்க."

அடுத்த தடவை என்றால் எந்த வருஷமோ. நாங்கள் நாலு பேரும் வெளியே வந்தோம். எதிர்வீட்டு அக்காவுக்கும் இல்லை, கோடிவீட்டுப் பெண்ணுக்கும் இல்லை. அவர்களும் யார் யாருக்கோ பெஞ்சாதியாகத்தான் எழுதப்பட்டிருந்தார்கள். வழியெல்லாம் ஆம்பிளைகள் விரலில் வைத்த மையை ஒருத்தருக்கொருத்தர் காட்டிக்கொண்டு போனார்கள். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தார். வீடு வரைக்கும் விடவில்லை. உள்ளே நுழைந்ததும், "மோர் இருக்கு, குடி," என்று என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். எனக்கு அதற்கும் கோபம்தான் வந்தது. இதை முதலிலேயே ஒரு தடவை, கணக்கெடுக்க வந்த அந்த ஆளிடம் சொல்லியிருந்தால்?

ஒரு வாரம் கழித்துக் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. ஆவலாகக் கேட்டிருந்தார்: 'என் பேரை வாசித்தார்களா? நீ யாருக்குப் போட்டாய்?'

பதில் எழுத உட்கார்ந்தேன். 'தங்கள் பேரை வாசித்தார்கள். சத்தமாகத்தான் வாசித்தார்கள். நான் நின்று கேட்டேன். என் பேர் இல்லை, அதனால் யாருக்கும் போடவில்லை. அத்தை சௌக்கியம். பிள்ளைக்குச் சளி பரவாயில்லை.' அவ்வளவுதான் எழுதினேன். கீழே 'இப்படிக்கு' என்று போட்டுவிட்டு, வழக்கமாக எழுதுவதை எழுதப் போன கை நின்றுவிட்டது. அங்கே என் பேரை எழுதினேன். என்ன பேர் என்று கேட்காதீர்கள், நான் எழுதிய இந்தப் புத்தகத்தின் அட்டையில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

அவரிடமிருந்து உடனே பதில் வந்தது. 'கடிதத்தின் கடைசியில் பேர் போட்டிருக்கிறாய். இத்தனை வருஷத்தில் அப்படி எழுதியதில்லையே. வேறு யாரோ எழுதிய கடிதம் போல இருந்தது. என் மேல் கோபமா?'

'ஆமாம், கோபம்தான்' என்று எழுதினேன். கீழே மறுபடியும் பேரைப் போட்டேன்.